மூட்டைப் பாப்பா

பத்து மாதக் குழந்தைக்கு மணையை அனுப்பியிருந்தார்கள். டிக்கியைத் திறந்து பார்த்ததும் எனக்கு மண்டை சூடாகிவிட்டது.

மணை என்றதும் கல்யாண வீட்டுப் பலகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளைக் காரில் உயர்த்தி உட்கார வைத்து, காரின் பெல்ட்டையே குறுக்கே போட்டுவிடுவதற்கான, முதுகு இல்லாத திண்டு அது. மணை என்பது நான் வேலை பார்த்த வாடகைக் கார் யார்டில் வழங்கிய பெயர். இப்போதுதான் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகும் குழந்தையை அதில் வைத்தால் தெருமுனை திரும்புவதற்குள் சரிந்துவிடும்.

குழந்தை என் தம்பி மகன் ரோஷனுடையது. பெயர் எஸ்தர். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரோஷன்தான் எனக்குப் பிள்ளை மாதிரி. வெளிநாட்டில் வேலை பார்க்கிறவன், மனைவி தீபாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு லீவுக்கு வந்து வெள்ளானூரில் என் வீட்டில் தங்கியிருந்தான். மறுநாள் காலையில் நாங்கள் எல்லோரும் பாண்டிச்சேரி போவதாகத் திட்டம். அதற்காக ஆப்பில் ஒரு வாடகைக் கார் பதிவு செய்திருந்தான்.

"சீட் எதுன்னு பாத்துத்தானே கேட்ட?" என்றேன்.

"ஆப்ல ஒரே ஒரு கேள்விதான் அத்தை. சைல்டு சீட் வேணுமா, வேணாமா. வேணும்னு போட்டேன்."

"எத்தனை மாசக் குழந்தை, எத்தனை கிலோன்னு கேக்கலயா?"

"கேக்கல. விடுங்க அத்தை, மெதுவா ஓட்றேன். மடியில வெச்சுக்கலாம்."

"மடியிலன்னா நான் வரல" என்று தீபா உள்ளே போய்விட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

வண்டியைக் கொண்டுவந்தவர் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டார். இதில் எனக்கு மானம் போகிற விஷயம் என்னவென்றால், அது நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே நிறுவனத்தின் வண்டி. மணையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் நசரத்பேட்டை யார்டுக்குக் கிளம்பினேன். குழந்தையை உட்கார வைக்க வேண்டிய சாமான் வழி நெடுக என் மேல் உட்கார்ந்து வந்தது.

யார்டில் இப்போது என் இடத்தில் இருப்பவள் வித்யா. என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்து, உள்ளே போய்ச் சரியான சீட்டை எடுத்து வந்தாள். "இப்பல்லாம் சீட்டை டிக்கில போட்டு அனுப்பிடறோம்க்கா. கஸ்டமரே மாட்டிக்கணும், அப்படித்தான் மேல முடிவு பண்ணிட்டாங்க. எந்த சீட்டுன்னு கேக்க ஆளும் இல்ல" என்றாள். பிறகு, "புதுசா நாலு பேர் சேர்ந்திருக்காங்க. நீங்க கத்தறதுக்குப் பதிலா அவங்களுக்கு எழுதியாவது குடுங்களேன்" என்றாள். கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. கத்தியிருப்பேன்.

எழுத உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. ஓய்வு பெற்றதிலிருந்தே இப்படித்தான். எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பேர் வெளியூரிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், எல்லோரிடமும் கார் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் குடும்பம் குடும்பமாகக் கிளம்புவார்கள். முன் சீட்டில் அம்மா, அவள் மடியில் குழந்தை, குழந்தையின் கை டேஷ்போர்டில் தாளம் போடும். நான் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, பொறுக்காமல் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டுவேன். ஒரு நாள் சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்து காபி குடித்துவிட்டு, "ஆன்ட்டி, நல்லதுக்குத்தான் சொல்றீங்க, ஆனா வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து பால்கனிக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கிறேன்.

என் தொழில் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் இடத்தில் தையல் பிசகு பார்க்கும் மேஜையில் சில வருஷம். பூந்தமல்லியில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடையில் சில வருஷம். அந்தக் கடைக்கு வண்டி கொண்டுவந்த பால்ராஜ் சார், நான் ஒரு உறையைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்துவிட்டு, "எங்க யார்டுக்கு வரீங்களா?" என்று கேட்டார். போனேன். மீதி எல்லாம் அங்கே கற்றதுதான்.

பால்ராஜ் சார் யார்டு மேனேஜர். அதற்கு முன்னால் அம்பத்தூரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் இருந்தவர். ஒல்லியான உடம்பு, எப்போதும் முழுக்கைச் சட்டை. அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. மனிதர்களைத் திட்டவே மாட்டார். வண்டியைத்தான் திட்டுவார். கழுவாத வண்டி வெளியே நின்றால் அதன் பானட்டில் கை வைத்து, "ஏம்பா, உன்ன இன்னிக்கு யாரும் பாக்கலியா? எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்களா?" என்று மெல்லக் கேட்பார். டீ கிளாஸைக் கையில் வைத்திருப்பவனுக்கு அதற்கு மேல் டீ இறங்காது. நேரடியாக ரெண்டு திட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்று எங்களுக்கு இருக்கும். புது ஆட்கள் முதல் வாரம் சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் அவர்கள் வண்டியோடு அவர் பேச ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

லீவுக்கு வருகிறவர்கள் குழந்தை சீட் கேட்கத் தொடங்கிய காலத்தில் எங்களில் யாருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. சார் மூன்று வகை வாங்கிப் போட்டார். கைப்பிடி வைத்த சின்ன சீட் ஒன்று, கைக்குழந்தைக்கு, பின்பக்கம் பார்த்து வைப்பது. அது வாளி. அதைவிடப் பெரியது, முதலில் பின்பக்கமும் பிள்ளை வளர்ந்த பிறகு முன்பக்கமும் திருப்பி வைக்கலாம். அது நாற்காலி. மூன்றாவது மணை. இந்தப் பெயர்களை வைத்தது நான். கம்பெனி வைத்த பெயர்கள் ஒருவருக்கும் வாயில் நுழையவில்லை.

எதை எடுப்பது என்று வயசைக் கேட்டு முடிவு செய்யக்கூடாது. எடையையும் உயரத்தையும் பார்த்துத்தான் செய்ய வேண்டும். எடையைக் கேட்டால் நம் ஆட்கள் ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள். அப்பா கூட்டிச் சொல்வார், பெருமை. அம்மா குறைத்துச் சொல்வாள், கண்ணு பட்டுவிடும். அதனால் யார்டில் ஒரு எடை மிஷின் வாங்கி வைத்தோம். அம்மாவைக் குழந்தையோடு ஏற்றிப் பார்ப்பது, குழந்தை இல்லாமல் ஏற்றிப் பார்ப்பது. இரண்டாவது தடவை ஏறும்போது, "நீங்க பாக்காதீங்க" என்று கணவரைத் திரும்பச் சொல்லாத அம்மாவை நான் கண்டதில்லை.

அடுத்தது மாட்டுவது. சீட்டை வைத்து, அதன் மேல் முழங்காலை ஊன்றி, நம் உடம்புக் கனம் முழுவதையும் அதில் இறக்கி, அப்புறம்தான் பெல்ட்டை இழுக்க வேண்டும். இழுத்த பிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். உச்சியில் பிடித்து ஆட்டினால் எந்த சீட்டும் ஆடும், அது கணக்கில்லை. பிள்ளையின் தோள்வாரைக் கிள்ளிப் பார்த்தால் விரலில் மடிப்பு அகப்படக் கூடாது. வெயிலில் நின்ற வண்டியென்றால் வாரைப் பூட்டும் பக்கிளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குழந்தை மேல் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அது இட்லித் தட்டு மாதிரி சுடும். முன் சீட்டில் காற்றுப்பை இருக்கும் வண்டியில் வாளியை முன்னால் வைக்கவே கூடாது. இதெல்லாம் வித்யாவுக்குத் தெரியும். புதிய நான்கு பேரும் இதை மனசில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் செய்தும் பால்ராஜ் சாருக்குத் திருப்தி வராது. மளிகைக் கடையில் பத்து கிலோ அரிசி மூட்டை ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதைச் சீட்டில் உட்கார வைத்து வார்களை மாட்டுவார். வண்டியை யார்டின் நீளத்துக்கு ஓட்டி, ஒரே மிதி, பிரேக். இறங்கி வந்து மூட்டை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். அதற்குப் பாப்பா என்று பெயராகிவிட்டது. "பாப்பா ஏறிடுச்சா?" என்றால் சோதனைக்குத் தயார் என்று அர்த்தம்.

பாப்பாவால் மாட்டிக்கொண்டது ஒரு புது வண்டி. உறை தைத்துவிட்டு வந்திருந்தது, அழகான பழுப்பு நிறம். சீட்டை மாட்டிய பையன் பெல்ட்டை எப்படியோ சுற்றிக் கட்டியிருக்கிறான். பிரேக் போட்டதும் சீட்டோடு பாப்பா குப்புற விழுந்து, மூட்டை கிழிந்து வண்டி முழுக்க அரிசி. உறையைப் பிரித்துப் பார்த்தால் பின் சீட்டில் பெல்ட்டைச் செருகுகிற பக்கிள் மூன்றையும் உறைக்கு அடியில் தள்ளி, மேலே அருமையாகத் தையல் போட்டு மூடியிருந்தார்கள். கடைக்காரருக்குப் போன் செய்தேன். "பின்னாடி யாரும்மா பெல்ட் போடறாங்க? துருத்திகினு இருந்தா பாக்க நல்லாவா இருக்கும்? ஃபினிஷிங் பாருங்க" என்றார். ஃபினிஷிங் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது, நானும் அந்த வேலை பார்த்தவள்தானே. அன்று பகல் முழுக்க பிளேடை வைத்துக்கொண்டு யார்டில் இருந்த ஒவ்வொரு வண்டியின் உறையையும் கீறி பக்கிள்களை வெளியே எடுத்தேன். சார் அந்தப் புது வண்டியைப் பார்த்து, "அழகா இருந்தா போதும்னு நெனச்சியா?" என்று மட்டும் கேட்டார். சிந்திய அரிசியை யார்டுப் புறாக்கள் தின்று முடித்தன.

இனி ஆரோக்கியராஜ் கதை. வித்யா இதைத்தான் எழுதச் சொன்னாள் என்று நினைக்கிறேன். யார்டில் இதைப் பாதிதான் எல்லோருக்கும் தெரியும்.

ஆரோக்கியராஜ் பூந்தமல்லிக்காரர். லேத் பட்டறை வைத்திருந்தார். அவர் தங்கை ரெஜினா வெளிநாட்டிலிருந்து கணவரோடும் முதல் குழந்தையோடும் வந்திருந்தாள். ஒரு வயசு நிறையாத பெண் குழந்தை. வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்துவது, எங்கள் சபையிலும் அது அப்படித்தான். வண்டி எடுக்க எல்லோரும் யார்டுக்கு வந்தார்கள். ரெஜினாவைக் குழந்தையோடு எடை பார்த்து, நாற்காலியைப் பின்பக்கம் திருப்பி மாட்டி முடித்து நிமிர்ந்தேன். ஆரோக்கியராஜ் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். நல்ல உடம்பு, ஒவ்வொரு கையும் ஒரு தூண்.

"இன்னாக்கா இது, கொயந்த பின்னாடி பாத்துகினு வருது? மாதாவாண்ட போறோம். மாதாவுக்கு முதுக காட்டிகினா போவும்?"

"போகும்போது முதுகு. திரும்பி வரும்போது வழி பூரா மாதாவைப் பாத்துக்கிட்டே வரும்" என்றேன்.

ரெஜினா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. "அத்த கயட்டுக்கா. கொயந்த என் மடிலதான் வரும்" என்றார்.

"அண்ணா, வீட்லயே சொன்னேன்ல" என்றாள் ரெஜினா. "சீட்ல வரும். இல்லன்னா நாங்க போகல."

"நீ வவுத்துல புள்ளையோட அங்க ஆஸ்பத்திரில கெடந்தப்ப நான் இங்க இன்னா வேண்டிகினேன், தெரியுமா? புள்ளைய நல்லபடியா குடு, என் மடில வெச்சி ஊட்லேர்ந்து உன் வாசல் வரைக்கும் கூட்டிகினு வரேன்னு வேண்டிகினேன். நீ சீட்டுன்ற. நான் மாதாவாண்ட இன்னான்னு சொல்லுவேன்?"

ரெஜினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அவள் குழந்தையைக் கொடுக்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். காதுக்குப் போட அவர் செய்து வைத்திருந்த தோடு. "அப்ப இத்த நீயே கொயந்தைக்குப் போட்டு வுடு. நான் வர்ல" என்று தங்கையின் கையில் வைத்தார். அந்தப் பெண் இரண்டு வாரத்தில் திரும்பிப் போகப் போகிறவள். அண்ணன் இல்லாமல் அந்தப் பயணத்துக்கு அர்த்தமே இல்லை. என் வேலை சீட் மாட்டுவது. அண்ணன் தங்கையைப் பிரிப்பது இல்லை. நானே சீட்டைக் கழற்றிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன்.

பால்ராஜ் சார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்து, வண்டியின் கூரையில் கை வைத்தார். "நேர்ச்சைன்னா வெளையாட்டு இல்ல, இல்லியாப்பா?" என்று வண்டியைக் கேட்டார். பிறகு ஆரோக்கியராஜைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் உள்ள ஏறுங்க. குழந்தை வேணாம். பாப்பாவ வெச்சுக்குங்க" என்றார்.

அரிசி மூட்டையை அவர் மடியில் வைத்தேன். அவர் பெல்ட் போட்டுக்கொண்டு மூட்டையை ஒரு கையால் அணைத்துப் பிடித்தார். சார் ஓட்டினார், நான் முன் சீட்டில். "குழந்தைய எப்படிப் பிடிப்பீங்களோ அப்படிப் பிடிச்சுக்குங்க. ரெஜினாம்மா சின்ன வயசுல எப்படி?" என்று சார் பேச்சுக் கொடுத்தார்.

"அத்த ஏன் கேக்கற சார். என் சைக்கிள் பார்ல உக்காந்துகினு பெல்ல வுடவே..."

பிரேக். மூட்டை அவர் கையை விட்டு நழுவி என் சீட்டின் முதுகில் மோதி, கீழே விழுந்தது.

அவர் குனிந்து எடுத்தார். "இன்னொரு தபா" என்றார். இரண்டாவது தடவை இரண்டு கையாலும் பிடித்தார். மூட்டை பாதி வழுக்கி முழங்காலில் தொங்கியது. "இன்னொரு தபா" என்றார். குரல் மாறிவிட்டது. மூன்றாவது தடவை காலை ஊன்றி, மூட்டையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சார் மிதித்தார். மூட்டை அசையவில்லை.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர் ஜெயித்துவிட்டார். இனி என்ன சொல்லி அவரைத் தடுப்பது? சார் ஸ்டியரிங்கைப் பார்த்து, "இது யார்டு. ஹைவேல நீ இவ்ளோ மெதுவாவா போவ?" என்று முணுமுணுத்தார். ஆனால் அதைக்கூட ஆரோக்கியராஜ் கேட்ட மாதிரி தெரியவில்லை. மூட்டையைப் பிடித்தபடியே இருந்தார். வெளியே தகரக் கொட்டகை நிழலில் ரெஜினா குழந்தையோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புட்ச்சிகினேன்" என்றார் ஆரோக்கியராஜ். பிடியைத் தளர்த்திவிட்டு, "நீ பிரேக் போடப் போறேன்னு தெரியும் சார். அதான் புட்ச்சிகினேன்" என்றார்.

சார் வண்டியை அணைத்தார்.

அவர் இறங்கி, மூட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, தங்கையின் கையிலிருந்து டப்பாவைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டார். குழந்தையை வாங்கினார். "எங்க மாட்டணும், சொல்லு" என்று என்னைக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவரே மாட்டினார். வாரைக் கிள்ளிப் பார்த்தார். "நேர்ச்சை?" என்று ரெஜினா மெல்லக் கேட்டாள். "மாதாவாண்ட நான் பேசிக்கிறேன். நீ ஏறு" என்றார்.

யார்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை இவ்வளவுதான். அவர்கள் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று நான் மட்டும்தான் இருந்தேன். ஆரோக்கியராஜ் நொண்டிக்கொண்டு இறங்கினார். மொட்டைத் தலையில் சந்தனமும் காதில் தோடுமாகக் குழந்தை அவர் தோளில் இருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். வேளாங்கண்ணியில் மணல் பாதையில் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு முழங்காலாலேயே கோயில் வரைக்கும் போயிருக்கிறார். இரண்டு முட்டியும் தோல் உரிந்துவிட்டது.

"சீட்டு எப்படிண்ணே இருந்துச்சு?" என்றேன். தொழில் கேள்வி.

"நல்லாதான் கீது. ஆடல, அசையல. ஆனா திண்டிவனத்துலேர்ந்து கடலூர் வரைக்கும் கொயந்த அயுதுகினே வந்துச்சுக்கா. நான் பக்கத்துல கீறேன், கைய நீட்டுது, தூக்க முடியல. என் ஒரு வெரல புட்ச்சிகினு அயுதுது." குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, "எத்தினி சீட்டு மாட்டியிருப்ப நீ? ஒரு தபா பக்கத்துல உக்காந்துகினு போய்ப் பாரு" என்றார்.

கோபத்தில் சொல்லவில்லை. நானும் சிரித்துவிட்டு, சீட்டைக் கழற்றித் துடைத்து வைத்தேன். அடுத்த வண்டி காத்திருந்தது.

அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் எத்தனையோ பிள்ளைகளுக்கு மாட்டி அனுப்பினேன். எல்லா வண்டியும் யார்டு கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறுகிற வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதற்கு அப்புறம் நடப்பது வேறு யாருடைய வேலையோ.

இப்போது பாண்டிச்சேரிப் பயணத்துக்கு வருகிறேன். வித்யா கொடுத்த நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்பக்கம் திருப்பி, முழங்காலை ஊன்றி மாட்டினேன். ரோஷன் ஏற்கெனவே வீடியோ பார்த்துவிட்டு எனக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். முடித்ததும் சமையலறையிலிருந்து அரிசி மூட்டையை எடுத்து வரச் சொன்னேன்.

"அத்தை, ப்ளீஸ். பக்கத்து ஃபிளாட்ல எல்லாம் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பிரேக் போடு."

போட்டான். காவலாளி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார். பாப்பா ஒரு விரற்கடை கூட நகரவில்லை. எனக்கு அன்று இரவு நல்ல தூக்கம்.

காலையில் கிளம்பினோம். ரோஷன் ஓட்ட, தீபா முன்னால், நானும் எஸ்தரும் பின்னால். வெளிவட்டச் சாலையில் ஏறும் வரைக்கும் ஒரு சத்தம் இல்லை. நசரத்பேட்டையைத் தாண்டும்போது, எங்கள் யார்டு அந்தப் பக்கம்தான் என்று தீபாவுக்குக் கை காட்டினேன். அந்த நேரம் பார்த்துக் குழந்தை உதட்டைப் பிதுக்கியது. அப்புறம் அழுதது.

கிலுகிலுப்பை ஆட்டினேன், தண்ணீர் கொடுத்தேன், எனக்குத் தெரிந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டெல்லாம் பாடினேன். வாரைத் தொட்டுப் பார்த்தேன், இறுக்கமில்லை. பக்கிள் சுடவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கும்போது என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. எஸ்தர் என் முகத்தைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நான் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். என் கை தானாகப் பக்கிளுக்குப் போய்விட்டது. சிவப்புப் பொத்தானில் கட்டைவிரல் இருந்தது.

தீபா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். இவ்வளவு நாள் ஊருக்கெல்லாம் சொன்னவளிடம் என்ன சொல்வது?

"ரோஷா, ஓரமா நிறுத்துப்பா" என்றேன்.

சாலையை விட்டு இறக்கி, ஒரு டீக்கடை வாசலில் நிறுத்தினான். வண்டி முழுதாக நின்ற பிறகு வாரைக் கழற்றி அவளைத் தூக்கினேன். சட்டை முதுகில் வியர்த்து ஒட்டியிருந்தது. என் தோளில் சாய்ந்து இரண்டு விம்மல், அதோடு அடங்கிவிட்டாள். அவளை மடியில் வைத்துக்கொண்டு கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் கனம் அப்படியே மடியில் இறங்கியது. ஆரோக்கியராஜ் எதைக் கேட்டார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்படியே உட்கார்ந்துகொண்டே பாண்டிச்சேரி வரைக்கும் போய்விடலாம் போல இருந்தது.

ரோஷன் டீ குடித்து முடித்தான். "மெதுவாவே ஓட்றேன் அத்தை. பரவால்ல, அப்படியே வெச்சுக்குங்க" என்றான். இரக்கத்தில்தான் சொன்னான்.

"நீ பிரேக் போடப் போறது எனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. தீபா குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள். "இல்லம்மா, நானே மாட்றேன்" என்றேன்.

சீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வில்லாக வளைந்து கத்தினாள். தோள்வாரை மாட்டும்போது என் கையிலிருந்து அது இரண்டு தடவை நழுவியது. யார்டில் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிற கை. பாப்பா ஒரு நாளும் வளைந்ததில்லை, கத்தியதில்லை, என் சேலையைப் பிடித்து இழுத்ததில்லை. பக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. கிள்ளிப் பார்த்தேன். மடிப்பு இல்லை.

வண்டி கிளம்பியது. என் ஆள்காட்டி விரலை அவளிடம் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வண்டலூர் தாண்டியும் அழுதாள், செங்கல்பட்டு தாண்டியும் அழுதாள், பிறகு எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை. நான் விரலை எடுக்கவில்லை. திண்டிவனத்தில், "டீ குடிக்கலாமா அத்தை?" என்று ரோஷன் கேட்டான். விரல் மரத்துப்போயிருந்தது. வேண்டாம், போ என்று தலையை மட்டும் ஆட்டினேன்.